வெள்ளை மட்டும் விழவில்லை

அத்தியாயம் 9

குரோம்பேட்டை கடையில், ஷெல்ஃபின் இரண்டாவது தட்டில், ஒரு சின்ன அட்டைப்பெட்டி பன்னிரண்டு நாளாகப் பிரிக்கப்படாமல் இருக்கிறது. அது கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே அனுப்பிரியா தன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். முப்பத்து நாலு வயசுக்காரி, எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள், ஒரு அட்டைப்பெட்டிக்குப் பயப்படுகிறாள் என்றால் சிரிப்பாகத்தான் இருக்கும். காரணம் தெரிந்தால் சிரிப்பு வராது.

கதையை நடுவில் பிடித்தவர்களுக்காக நாலு வரி.

போட்டோ பிரிண்டர்களை வாங்கி, டி-ஷர்ட்டுக்குப் படம் அடிக்கிற மெஷினாக மாற்றித் தருவதுதான் அனுப்பிரியாவின் தொழில். பேப்பர் இழுக்கும் உருளைகளைக் கழற்றிவிடுவாள். ஆறு மைத் தொட்டியில் இரண்டை வெள்ளை மைக்கு ஒதுக்குவாள். படம் முதலில் பிளாஸ்டிக் ஃபிலிமில் விழும். ஈரம் காய்வதற்குள் பசைப் பவுடரைத் தூவி, சூடு காட்டி, சட்டை மேல் வைத்து அழுத்தினால் படம் துணியில் ஏறிக்கொள்ளும். கேட்க சுலபம். அந்த வெள்ளை மையோடு குடும்பம் நடத்துகிறவர்களுக்குத்தான் தெரியும் அதன் குணம். ஒரு நாள் கவனிக்காவிட்டால் அடியில் போய்ப் படிந்துவிடும். தினமும் குலுக்க வேண்டும்.

அனுப்பிரியாவின் கணவன் ஹரிபிரசாத்துக்கு ஒரு அக்கா, கோகிலவாணி. பள்ளிக்கரணையில் வாக்கப்பட்டவள். அவளுக்கு இப்படி ஒரு மெஷின் செய்து தருவதாக அனுப்பிரியா வாக்குக் கொடுத்தாள். "ஆடி பொறக்கறதுக்குள்ள ஆரம்பிச்சிடணும்" என்று அந்த வீட்டில் ஆனிக் கடைசியில் ஒரு நாள் குறித்துவிட்டார்கள். மை துப்புகிற பாகம், கடைக்காரர்கள் ஹெட் என்பார்களே, அது புதிதாக வந்து சேரவில்லை. சேராவிட்டால் என்ன, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏற்கெனவே அடைத்துக்கொண்டு உயிரை விட்ட ஒரு மெஷினிலிருந்து பழைய ஹெட்டைக் கழற்றி, கழுவி, மாட்டினாள். சந்தனப் பொட்டு வைத்த மெஷினுக்கு முன்னால் நின்று, "புது ஹெட் அண்ணி" என்று வாய் கூசாமல் சொன்னாள்.

நிஜமான புது ஹெட் அடுத்த வாரமே வந்துவிட்டது. அந்தப் பெட்டிதான் இது.

போய் மாற்றிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் போனால், "நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தறே?" என்று அண்ணி கேட்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து பன்னிரண்டு நாள் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு போன் அடித்தது.

"அனு, வெள்ளை விழ மாட்டேங்குது." கோகிலவாணியின் குரல் எடுத்த எடுப்பிலேயே உடைந்திருந்தது. "அம்மன் முகத்துல கோடு கோடா வருது. நேத்து சாயங்காலத்துலேர்ந்து."

"எத்தனை சட்டை முடிஞ்சிது அண்ணி?"

"எண்பதுல முப்பத்தொண்ணு. நாளைக்குப் பசங்களுக்குப் பிரிச்சுத் தரணும். ஞாயித்துக்கிழமை கூழ். எங்க வீட்டுலயே அடிக்கிறோம்னு அவரு கமிட்டில எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சுட்டாரு அனு."

ஆடி ஞாயிற்றில் அவர்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் வார்ப்பது வழக்கம். பரிமாறுகிற இளைஞர்களுக்கெல்லாம் இந்த வருஷம் அரக்குக் கலர் டி-ஷர்ட், நெஞ்சில் அம்மன் முகம். அரக்குத் துணியில் அடியில் வெள்ளை விழாவிட்டால் எந்த நிறமும் எடுபடாது. மஞ்சள் பூசிய முகம் மண் கலரில் தெரியும்.

"கிளம்பிட்டேன் அண்ணி."

சிரிஞ்சு, கிளீனிங் லிக்விட், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் பையில் போட்டாள். ஷெல்ஃபைப் பார்த்தாள். பெட்டியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். கடைசியில் பைக்குள் வைக்காமல் ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் போட்டுப் பூட்டினாள். தேவைப்பட்டால் இருக்கட்டும், தேவைப்படாமல் போகட்டும் என்று ரேடியல் ரோடு முழுக்க வேண்டிக்கொண்டே போனாள். எந்தச் சாமியை வேண்டினாள் என்று கேட்காதீர்கள். முகத்தில் கோடு விழுந்து நின்றவளையே வேண்டினாள்.

*

பள்ளிக்கரணை வீட்டு ஹாலில் கோகிலவாணியின் கணவன் வெற்றிவேல் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான். அவனுடைய அப்பா குப்புராஜ், கோயில் கமிட்டித் தலைவர், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஹாலை ஒட்டிய சின்ன அறையில்தான் மெஷின். அறைக்குக் கதவு உண்டு. ஆனால் அந்த வீட்டில் யாரும் அதைச் சாத்துவதில்லை.

"வாம்மா," என்றான் வெற்றிவேல். "இன்னா கதி பாரு. நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுகினு கோயிலாண்ட போறது?"

"பார்க்கறேன் அண்ணா."

மெஷின் மேல் அம்மன் படம் ஒட்டி, அதற்கு இன்று காலையும் புதுப் பூ வைத்திருந்தார்கள். பக்கத்தில் சந்தனக் கிண்ணம், தினசரி காலண்டர். ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் ஒரு டிக். வெள்ளையைக் குலுக்கியதற்கு அடையாளம். கிழித்த தாள்களைக்கூட எறியாமல் கிளிப்பில் மாட்டி வைத்திருந்தாள் கோகிலவாணி. சொல்லிக் கொடுத்ததை இவ்வளவு அக்கறையாகச் செய்த வாடிக்கையாளர் அனுப்பிரியாவுக்கு இதுவரை ஒருத்தர்கூட அமைந்ததில்லை.

சோதனைப் படம் ஒன்று அடித்தாள். ஒவ்வொரு மைக்கும் படிக்கட்டு மாதிரி சின்னச் சின்னக் கோடுகள் விழும். எங்கே கோடு இல்லையோ அங்கே ஹெட்டில் துளை அடைப்பு. வெள்ளைக் கோடு கண்ணாடி மாதிரியான அந்த ஃபிலிமில் சரியாகத் தெரியாது. அரக்குச் சட்டை ஒன்றை எடுத்து, அதன் மேல் ஃபிலிமை விரித்தாள்.

முதல் வெள்ளைத் தொட்டியின் படிக்கட்டு முழுசாக இருந்தது. இரண்டாவதில் நாலாம் படியில் இரண்டு கோடு இல்லை. அதற்குக் கீழ்ப் படியில் மூன்று இல்லை.

இந்த ஓட்டைப் படிக்கட்டை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். போன மாதம், தன் கடையில், இந்த ஹெட்டைக் கழுவுவதற்கு முன்னால். அதே நாலாம் படி, அதே ஐந்து கோடு. குலுக்காததால் வந்த அடைப்பு என்றால் இரண்டு வெள்ளையிலும் வந்திருக்கும், இடம் மாறி மாறி வந்திருக்கும். இது அந்தப் பழைய நோய். கழுவிய கழுவலில் கொஞ்ச நாள் அடங்கியிருந்து, வேலை கூடியதும் எழுந்து உட்கார்ந்துவிட்டது.

அனுப்பிரியா ஃபிலிமைச் சட்டென்று மடக்கினாள்.

"இன்னாம்மா?" என்றான் வெற்றிவேல் வாசலில் நின்று. பதிலுக்குக் காத்திராமல் மனைவி பக்கம் திரும்பினான். "கோகிலா, தெனம் குலுக்கணும்னு அனு அன்னிக்கே படிச்சுப் படிச்சு சொல்லிச்சே. குலுக்கினியா இல்லியா?"

கோகிலவாணியின் பார்வை காலண்டர் பக்கம் போனது.

வெற்றிவேல் உள்ளே வந்து கிளிப்பில் இருந்த தாள்களைப் புரட்டினான். டிக், டிக், டிக். அப்புறம் சனி, ஞாயிறு, திங்கள் மூன்று தாளும் வெறுமையாக இருந்தன.

"மூணு நாளு குலுக்கல! ஏன்?"

"அது... முடியல."

"முடியலன்னா? ரெண்டு பாட்டில குலுக்க இன்னா பேஜாரு உனக்கு?"

ஹாலிலிருந்து குப்புராஜின் குரல் வந்தது. "கேக்கறான்ல, சொல்லும்மா."

நாற்பத்திரண்டு வயசு கோகிலவாணி சேலை முந்தானையைக் கையில் சுருட்டினாள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மெஷின்ல அம்மன் படம் இருக்கு. ஃபிலிம்ல அம்மன் முகம். நான் தொடக்கூடாத நாள் அது. அதான் தொடல."

ஹாலில் நாற்காலி கிரீச்சென்றது. குப்புராஜ் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெற்றிவேலுக்குக் கூச்சம் கோபமாக வந்தது.

"என்னாண்ட சொல்லியிருந்தா நான் குலுக்கியிருக்க மாட்டேன்?"

"கமிட்டி ஆளுங்க பத்துப் பேரு ஹால்ல உட்கார்ந்திருந்தாங்க. எப்படிங்க கூப்பிட்டுச் சொல்றது?"

இப்போது எல்லோரும் அனுப்பிரியாவைப் பார்த்தார்கள். கோகிலவாணியும் பார்த்தாள். கண் நிறைய தண்ணீர்.

"அனு, அதனாலதானே?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியில் அனுப்பிரியா என்னவெல்லாம் யோசித்தாள் தெரியுமா? தன் கடையை யோசித்தாள். புகுந்த வீட்டில் தனக்கு இருக்கிற நல்ல பெயரை யோசித்தாள். சந்தனப் பொட்டுக்கு முன்னால் சொன்ன பொய்யை யோசித்தாள். எதிரில் தலை குனிந்து நின்றவளை மட்டும் யோசிக்கவில்லை.

"அதுவும் ஒரு காரணமா இருக்கலாம் அண்ணி," என்றாள்.

சொன்ன வாயைத் தானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது அவளுக்கு. அறைந்துகொள்ளவில்லை. சிரிஞ்சை எடுத்தாள்.

*

இரண்டு முறை லிக்விட் விட்டுக் கழுவினாள். நாலு படம் நன்றாக வந்தது. ஐந்தாவதில் அம்மன் நெற்றியில் மறுபடி கோடு.

கோகிலவாணி பக்கத்திலேயே நின்று துடைக்கிற துணியை எடுத்து எடுத்துக் கொடுத்தாள். மெதுவாகப் பேசினாள், ஹாலுக்குக் கேட்காதபடி.

"உன் பேரையும் சேர்த்துக் கெடுத்துட்டேன் அனு. புது ஹெட் போட்டுக் கொடுத்தே. ஒரு மாசம்கூட வெச்சுக் காப்பாத்தத் தெரியல எனக்கு."

"விடுங்க அண்ணி."

"ஒண்ணு கேக்கட்டா? ரெண்டு வெள்ளையையும்தானே நான் குலுக்கல. ஒண்ணுல மட்டும் ஏன் அடைப்பு?"

அனுப்பிரியாவின் கை நின்றது. இவளுக்கு இவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்தது யார்? தான்தான்.

"சில சமயம் அப்படியும் ஆகும்."

கோகிலவாணி தலையாட்டினாள். நம்பினாள். அவள் சந்தேகப்பட்டிருந்தால்கூட அனுப்பிரியாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சிக்னல் இல்லை என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். நாவலூர் ஆபீசில் இருந்த கணவனைக் கூப்பிட்டாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். பழைய ஹெட் விஷயம் அவனுக்கு இன்றுதான் தெரியும்.

"அக்கா எல்லார் முன்னாடியும் அதைச் சொன்னாளா?" என்றான் ஹரிபிரசாத்.

"ஆமா."

"சரி. இப்ப வாயைத் திறக்காத. வெற்றிவேல் மாமாவுக்குத் தெரிஞ்சா அந்த வீட்டு வாசப்படி மிதிக்க முடியாது நம்மால. புது ஹெட் கையில இருக்குல்ல? கதவைச் சாத்திட்டு மாத்து. கிளீன் பண்ணேன்னு சொல்லு. சட்டை முடிஞ்சா எல்லாரும் மறந்துடுவாங்க."

"அண்ணி மறப்பாங்களா?"

"அனு, எனக்கு மீட்டிங் இருக்கு."

அவன் சொன்னது தப்பான யோசனை என்று அவளுக்குத் தெரியும். தன் யோசனையும் அதுவேதான் என்றும் தெரியும். கீழே இறங்கி, சீட்டைத் திறந்து, பெட்டியைத் துப்பட்டாவுக்குள் மறைத்து எடுத்து வந்தாள்.

"ஃபேன் காத்துல ஹெட் காஞ்சிடும் அண்ணி. ஃபேனை நிறுத்திட்டுக் கதவைச் சாத்திக்கறேன். யாரும் வர வேணாம்."

அந்த வீட்டில் முதல் தடவையாக அந்தக் கதவு சாத்தப்பட்டது.

முக்கால் மணி நேரம். வியர்வை மெஷின் மேல் சொட்டாமல் புறங்கையால் துடைத்துத் துடைத்து, பழைய ஹெட்டைக் கழற்றினாள், புதிதை மாட்டினாள், மையை ஏற்றினாள், வரிசை சரிபார்த்தாள். பழையதை டிஷ்யூ பேப்பரில் சுற்றிக் கைப்பையின் அடியில் திணித்தாள். ஒரு திருடிக்குக்கூட இவ்வளவு வேர்த்திருக்காது.

சோதனைப் படம். இரண்டு படிக்கட்டும் ஒரு கோடு குறையாமல் வந்தன.

கதவைத் திறந்து முதல் படத்தைச் சட்டையில் ஏற்றிக் காட்டியபோது வெற்றிவேல் கைதட்டாத குறை. "அடி தூள்! கையில மந்திரம் வெச்சுகினு கீறேம்மா நீ!" கோகிலவாணி சட்டையை இரண்டு கையிலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

குப்புராஜும் எழுந்து வந்தார். படத்தை உற்றுப் பார்த்தார். திருப்திதான். ஆனால் நாற்காலிக்குத் திரும்பும்போது மருமகள் முகத்தைப் பார்க்காமல் ஒன்று சொன்னார்.

"ஆத்தா வேலைய எடுத்துகினு மூணு நாளு அம்போன்னு வுட்டுட்டே. ஒதுங்கினது தப்பில்ல, சொல்லாம வுட்டதுதான் தப்பு. ஒரு கொறை வந்துடுச்சு. இந்த வாட்டி நீ கூழு ஊத்த வாணாம். சின்ன மருமவ ஊத்தட்டும்."

"சரி மாமா," என்றாள் கோகிலவாணி.

கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து மூத்த மருமகள் கையால்தான் முதல் அகப்பைக் கூழ். பத்தொன்பது வருஷம். பெரிய மகன் பிறந்து நாற்பது நாள் ஆகாத ஒரு வருஷம் தவிர, அவள் விட்டதே இல்லை. தெருவே பார்க்கும். ஏன் இந்தத் தடவை இவள் ஊற்றவில்லை என்று தெருவே கேட்கும். காரணமும் எப்படியோ தெருவுக்குத் தெரிந்துவிடும்.

ஆண்கள் இருவரும் ஹாலில் சட்டை மடிக்க உட்கார்ந்தார்கள். அனுப்பிரியா சாமான்களைப் பைக்குள் போடத் தொடங்கினாள். கோகிலவாணி காலண்டர் தாள்களைச் சரிசெய்து கிளிப்பில் மாட்டினாள். வெறுமையான மூன்று தாளும் நடுவில் இருந்தன.

"அனு, ஒரு உதவி கேக்கட்டா?"

"சொல்லுங்க அண்ணி."

"ஒவ்வொரு மாசமும் நான் உனக்கு போன் பண்றேன். அந்த மூணு நாளும் ஒரு அஞ்சு நிமிஷம் வந்து குலுக்கி வெச்சுட்டுப் போறியா? குரோம்பேட்டையிலேர்ந்து தூரம்தான். எனக்கு வேற யாருகிட்ட கேக்கறதுன்னு தெரியல." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "இன்னொரு தடவை இப்படி நின்னு சொல்ல என்னால முடியாது."

அதோடு அனுப்பிரியாவால் முடியவில்லை. பையின் ஜிப்பை மூடிக்கொண்டிருந்தவள் திறந்தாள். அடியில் கை விட்டு, டிஷ்யூ சுற்றிய ஹெட்டை எடுத்து, சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அண்ணி, உங்களால அடைக்கல."

"என்ன இது?"

"இதுதான் உங்க மெஷின்ல இருந்த ஹெட். பழசு. செத்துப்போன மெஷின்லேர்ந்து எடுத்தது. புதுசுன்னு பொய் சொன்னேன். இப்பதான் நிஜமான புதுசை மாட்டினேன். நீங்க முப்பது நாள் முழுசா குலுக்கியிருந்தாலும் இது நின்னிருக்கும்."

கோகிலவாணி டிஷ்யூவைப் பிரித்துப் பார்த்தாள். ஓரத்தில் வேறெந்த மெஷினிலோ காய்ந்துபோன பழைய கறுப்பு மை. மறுபடி மூடி வைத்தாள். கத்துவாள், அழுவாள் என்று அனுப்பிரியா காத்திருந்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நான் அதைச் சொன்னப்போ உனக்குத் தெரியுமா?"

அனுப்பிரியாவுக்கு அழுகை வந்தது. வந்த அழுகையையும் காட்ட வெட்கமாக இருந்தது.

"தெரியும் அண்ணி."

"அதுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஃபிலிமைப் பார்த்ததுமே தெரியும்."

ஹாலில் வெற்றிவேல் சட்டைகளை எண்ணுகிற சத்தம் கேட்டது. முப்பத்தாறு, முப்பத்தேழு.

"இத்தனை வருஷத்துல என் மாமனார் முன்னாடி நான் நாற்காலியில உட்கார்ந்ததில்ல அனு," என்றாள் கோகிலவாணி. "இன்னிக்கு அவர் காதுபட நான் என்ன சொன்னேன்னு நீயும்தானே கேட்டே."

"மன்னிச்சிடுங்க அண்ணி. அண்ணாகிட்ட நானே சொல்லிடறேன். வீட்டுக்குப் போய், தனியா, போன்ல..."

"தனியா எதுக்கு? நான் தனியாவா சொன்னேன்?"

குரல் உயரவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். வாசல் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, மாமாவையும் கூட்டிட்டு வாங்க. அனு ஏதோ சொல்லணுமாம்."

வெற்றிவேல் மடித்த சட்டையோடு சிரித்த முகமாக வந்து நின்றான். குப்புராஜ் சிவப்பு நாற்காலியை வாசல் வரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காலையில் கோகிலவாணி நின்ற அதே இடத்தில், அதே தரையைப் பார்த்துக்கொண்டு, அனுப்பிரியா நின்றாள். பையில் போன் அதிர்ந்தது. ஹரிபிரசாத்தாகத்தான் இருக்கும். அவள் எடுக்கவில்லை.

"சொல்லும்மா," என்றார் குப்புராஜ்.